காரணம் கேட்ட சேரி: 1745, சம்பா கோயில் சுவர்

மண்ணாடிப்பட்டு கொம்யூனில் எந்தச் சேரித் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு சாமியோடு முடியாது. ஒரு வீட்டில் மாரியம்மன், அடுத்த வீட்டில் வேளாங்கண்ணி மாதா, அதற்கும் அடுத்த வீட்டில் ஞாயிறுதோறும் பெந்தெகொஸ்தே ஜெபம். எதிர்வீட்டுச் சுவரில் புத்தரும் அம்பேத்கரும் இருப்பார்கள். மூலைவீட்டுத் தம்பி கடவுளே இல்லை என்பான். பல சமயம் இவர்கள் எல்லோரும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள்.

இவர்களைப் படிப்பு வட்டத்தில் ஒன்றாக உட்கார வைத்தால் நிலம், கூலி, கல்வி உதவித்தொகை, சுடுகாட்டுப் பாதை என்று எல்லாம் பேசலாம். மதம் வந்ததும் பேச்சு முறிந்துவிடும். "நீ வெள்ளைக்காரன் சாமியைக் கும்பிடுகிறவன்", "நீ உன்னைத் தீண்டாதவன் சாமியைக் கும்பிடுகிறவன்", "ரெண்டு பேருமே அடிமைகள்" என்று மூன்று வாக்கியங்களில் கூட்டம் கலையும். களத்தில் இதைப் பலமுறை பார்த்தவர்கள் என்ற முறையில் சொல்கிறோம். நம் இளைஞர் அமைப்புகளை நிலப் பிரச்சினையோ போலீசோ உடைத்ததைவிட இந்த மூன்று வாக்கியங்கள் அதிகம் உடைத்திருக்கின்றன.

அதனால் மதம் பேசவே கூடாது என்று சில தோழர்கள் முடிவுகட்டுகிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. சாதி மதத்துக்குள் இருக்கும்போது மதத்தைப் பேசாமல் சாதியைப் பேச முடியாது. எப்படிப் பேசுவது என்பதுதான் கேள்வி. அதற்கு நம் முன்னோர் ஒரு பதிலை விட்டுச் சென்றிருக்கிறார்கள். அது நடந்த இடம் நம் ஊர்களிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில், புதுச்சேரி மிஷன் வீதியில் இருக்கிறது.

தூதர் வந்தார், விசாரித்தார், போனார்

1703 நவம்பரில் போப்பாண்டவரின் தூதர் ஒருவர் புதுச்சேரியில் வந்து இறங்கினார். பெயர் மயார் தெ தூர்னோன். கத்தோலிக்கத் துறவிகளுக்குள் நடந்த பெரிய சண்டையைத் தீர்ப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. அவர்கள் சண்டையிட்டது நம்மைப் பற்றியும்தான்.

பின்னணி இது. 1606இல் இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தார். பிராமணர்களும் உயர்சாதியினரும் மதம் மாற வேண்டுமானால், அவர்கள் சாதி வழக்கங்களை விடத் தேவையில்லை என்று காட்ட வேண்டும் என்று நினைத்தார். காவி உடுத்தினார், மரக்கறி உண்டார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் சமூக வழக்கம், அவை மதம் ஆகாது என்று வாதாடினார். 1623இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி அவற்றுக்கு அனுமதி தந்தார்.

கேட்பதற்குப் பரந்த மனம் போலத் தெரியும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தது சேரி. உயர்சாதியினரிடம் மதிப்பு வேண்டிய பாதிரியார் பறையர்களிடமிருந்து விலகி நிற்க வேண்டியிருந்தது. உயர்சாதிகளுக்கு ஒருவகைத் துறவிகள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று இரண்டு அடுக்கு உருவானது. சேரியில் ஒருவர் சாகக் கிடந்தாலும் பாதிரியார் அந்த வீட்டுக்குள் போக மாட்டார். நோயாளியை வெளியே தூக்கி வர வேண்டும். கிறிஸ்துவின் பெயரால் நடந்த தீண்டாமை இது.

புதுச்சேரியில் இருந்த கப்புச்சின் துறவிகள் இயேசு சபையாரின் இந்த முறைகளை எதிர்த்து ரோமுக்குப் புகார் அனுப்பினார்கள். அதை விசாரிக்கத்தான் தூர்னோன் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. வந்ததிலிருந்தே உடல்நலம் சரியில்லை. உள்நாட்டுக் கிராமங்களுக்கு அவர் போகவில்லை. புதுச்சேரியில் இருந்தபடியே துறவிகளையும், மொழிபெயர்ப்பாளர் வழியாக உள்ளூரார் சிலரையும் விசாரித்தார். ஏறத்தாழ எட்டு மாதம் கழித்து, 1704 ஜூன் 23 தேதியிட்ட ஆணை ஒன்றை எழுதினார். ஜூலையில் அதை ஒப்படைத்த சில நாட்களிலேயே கப்பலேறிவிட்டார்.

அந்த ஆணையில் 16 கட்டளைகள் இருந்தன. தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, கலியாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது, பெண் பூப்பெய்தியதைக் கொண்டாடக் கூடாது, சாணத்தை எரித்த சாம்பலைப் பூசக் கூடாது என்று பட்டியல் நீண்டது. அதே வரிசையில், நோயுற்ற பறையரை அவர் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் ஒன்று.

இந்த வரிசையைக் கவனியுங்கள். தேங்காய் உடைப்பதும் ஒரு மனிதனை வாசலில் போட்டுச் சாகவிடுவதும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னது நம்பிக்கை, சடங்கு சார்ந்த கேள்வி. பின்னது ஒரு மனிதனை இன்னொருவன் நடத்தும் விதம். இரண்டையும் "மலபார் சடங்குகள்" என்று ஒரே பெயரில் கட்டிப்போட்டதால், விவாதம் நாற்பது ஆண்டுகள் இழுத்தது. தாலியைப் பற்றி வாதாடுகிறவர் சேரியைப் பற்றிப் பேசாமல் தப்பித்துக்கொள்ள இந்தக் கட்டு வசதியாக இருந்தது.

கடைசியில் 1744 செப்டம்பரில் போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்ட் விரிவான ஆணை ஒன்றை வெளியிட்டு விவாதத்தை முடித்துவைத்தார். சேரி விஷயத்தில் அதில் ஏற்கப்பட்ட வழி, பறையர்களுக்கென்று தனியாகத் துறவிகளை வைப்பது. இயேசு சபையார் முன்வைத்த யோசனை அது. தீண்டாமையைக் கைவிடாமலே சேரிக்கும் சேவை செய்யலாம் என்பதுதான் அதன் பொருள். நாற்பது ஆண்டு இலத்தீன் மொழி விவாதம் வந்து நின்ற இடம் அது.

யாருக்குப் பேச இடம் இருந்தது?

ஐரோப்பியத் துறவிகளை மட்டும் குறைசொல்லி முடித்துக்கொள்ளக் கூடாது. நம் கொம்யூனில் இருக்கும் திருபுவனையின் கல்வெட்டைப் பாருங்கள். சோழ மன்னன் முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048ஆம் ஆண்டில், அங்கே 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி நடந்திருக்கிறது. வேதங்கள் கற்பிக்கப்பட்டன. ஊர் வேலைப் பொறுப்புகளிலிருந்து அவர்களுக்கு விலக்கும் இருந்தது. நம் பாடப்புத்தகங்கள் இதைப் பெருமையாகச் சொல்லும்.

அது பிராமணர்களுக்குக் கொடையாகக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். அதே நூற்றாண்டின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்கள் இருக்கின்றன. நன்செய் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று நிலம் அளக்கப்பட்டிருந்தது. 260 பேர் உட்கார்ந்து ஓதுவதற்கு யாரோ உழுது நெல் அனுப்பியிருக்கிறார்கள். மதத்தைப் பற்றிப் பேசும் உரிமை ஓதியவர்களிடம் இருந்தது, உழுதவர்களிடம் இல்லை. இன்று திருபுவனை தனித்தொகுதி. வாக்கு வந்துவிட்டது. மதத்தைப் பற்றி நம் சொற்களில் பேசும் உரிமையை நாம் இன்னும் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சேரி பேசிய நாள்

இனி 1745 அக்டோபருக்கு வருவோம். ரோம் ஆணை வெளியாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. செய்தியைச் சொல்கிறவர் ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேவுக்கு நெருக்கமான வணிகர், பின்னாளில் தலைமைத் துபாசி. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு புதுச்சேரி வரலாற்றின் பெரிய ஆதாரம். அவர் கிறிஸ்தவரும் இல்லை, சேரிக்கு நண்பரும் இல்லை. நம் முன்னோர் பேசியது நமக்கு எதிர்த்தரப்பின் பேனா வழியாகத்தான் கிடைக்கிறது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

சம்பா கோயிலில் (புனித பவுலின் பெயர் தமிழ் வாயில் சம்பா ஆனது) வடபுறத்தில் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், சட்டைக்காரர்கள், ஐரோப்பியர்கள். நெடுநாளாக அதுதான் வழக்கம் என்கிறார் பிள்ளை.

காரைக்கால் பாதிரியார் புதுச்சேரிக்கு வந்தபோது இந்தச் சுவரைப் பற்றிய பேச்சு எழுந்தது. அவர்தான் சேரியாரைத் தூண்டிவிட்டார் என்று பிள்ளை எழுதுகிறார். நம் மக்கள் உரிமை கேட்டால் பின்னால் யாரோ தூண்டிவிட்டார்கள் என்று எழுதுவது அன்றே தொடங்கிவிட்டது! யார் சொல்லிப் போனார்களோ, போனவர்கள் சேரி மக்கள். சுற்றுவட்டாரச் சேரிகளிலிருந்து கூட்டமாகத் திரண்டு கோயிலின் தலைமைப் பாதிரியாரிடம் போனார்கள்.

அவர்கள் பேசியதன் சாரம் இதுதான். நாங்கள் உங்கள் சீடர்கள் என்பது உண்மையானால் எல்லாரையும் ஒன்றாக நடத்த வேண்டும். ஆண்டவர் தம்மை வணங்குகிறவர்களுக்குள் பேதம் வைக்கவில்லை. சாதிக் கிறிஸ்தவர்கள் எங்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள், நீங்கள் அதற்கு ஒத்துப் போயிருக்கிறீர்கள், இது பட்சபாதம். இதற்கு எங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

பாதிரியார் கேட்டார். நியாயம் என்று ஒப்புக்கொண்டார். சுவர் உடனே இடிக்கப்பட்டது. அன்று மாலை வழிபாட்டில் எல்லாரும் கலந்து நின்றார்கள்.

நாற்பது ஆண்டு இலத்தீன் விவாதத்தால் அசையாத சுவர், தமிழில் கேட்ட ஒரு கேள்விக்கு ஒரே நாளில் விழுந்தது.

அந்தப் பேச்சில் என்ன இருந்தது?

இதை வீரக்கதையாகச் சொல்லிக் கைதட்டி முடித்துவிடலாம். ஆனால் பேச்சின் கட்டுமானத்தைப் பார்த்தால்தான் நமக்குப் பயன்.

முதலாவது, எதிரில் இருப்பவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒன்றிலிருந்து அவர்கள் தொடங்கினார்கள். சீடர்கள் என்று எங்களைச் சேர்த்துக்கொண்டவர் நீங்கள்தான், ஆண்டவருக்குப் பேதம் இல்லை என்று போதித்தவரும் நீங்கள்தான் என்றார்கள். பாதிரியாரின் நம்பிக்கையை அவர்கள் தாக்கவில்லை. அந்த நம்பிக்கைக்கும் அந்தச் சுவருக்கும் உள்ள இடைவெளியைக் காட்டினார்கள். உன் சாமி பொய் என்றால் எதிராளி தன் சாமியைக் காப்பாற்ற வாதாடுவார். உன் சாமி சொன்னதை நீ செய்யவில்லையே என்றால், தான் செய்ததற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது, ஒரே ஒரு கேள்வியைக் கேட்டார்கள். தாலி, தேங்காய், சாம்பல் எதையும் இழுக்கவில்லை. யார் எங்கே நிற்பது என்பது மட்டும். நம்பிக்கையைப் பற்றிய கேள்வியையும் நடத்தையைப் பற்றிய கேள்வியையும் ரோம் கட்டிப்போட்டது, சேரி பிரித்தெடுத்தது.

மூன்றாவது, கேள்வியைச் சரியான ஆளிடம் கேட்டார்கள். சாதிக் கிறிஸ்தவர்களிடம் கெஞ்சவில்லை. சுவரை எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ அவரிடம் போய், உங்கள் ஒப்புதல் இல்லாமல் இது நடக்கவில்லை என்று பெயர் சொல்லிப் பேசினார்கள்.

நான்காவது, காரணம் கேட்டார்கள். அதுதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. "வழக்கம்" என்ற சொல்லுக்குப் பின்னால்தான் சாதி எப்போதும் ஒளிந்துகொள்கிறது. வழக்கத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று கேட்டவுடன் அது வெறும் வழக்கமாக இருக்க முடியாமல் போகிறது. ஒருவர் செய்கிற, மாற்றிக்கொள்ளக்கூடிய செயலாக ஆகிறது.

எங்கே கெட்டது?

கதை அந்த மாலையோடு முடியவில்லை. அதையும் சொல்லாவிட்டால் நாம் நேர்மையாக வரலாறு பேசியவர்கள் ஆகமாட்டோம்.

அதன் தொடர்ச்சியாக, வழிபாட்டுக்கு வந்த உயர்சாதிக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் ஒருவரைப் பாதிரியார் எல்லார் முன்னும் அவமானப்படுத்தினார். மெல்லிய துணி உடுத்தியிருந்தார், நகை போட்டிருந்தார், வாசனை பூசியிருந்தார் என்பதுதான் அவர் செய்த குற்றம். கையிலிருந்த பிரம்பால் அவர் தலைமுடியைத் தொட்டு, ஆட்டக்காரியா என்று கேட்டு, வெளியே போகச் சொன்னார். பிறகு பெண்களின் உடை, நகை, தலைவாரல் எல்லாவற்றுக்கும் கட்டளை போட்டார். சுவர் இடிந்ததைச் சகிக்காத சாதிக் கிறிஸ்தவர்களுக்கு இப்போது நல்ல காரணம் கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டுப் பெண்ணை எப்படிப் பேசலாம் என்று எழுந்தார்கள். சமத்துவத்தைப் பற்றிய வாதம் மானத்தைப் பற்றிய சண்டையாக மாறியது. பிரித்தெடுத்த கேள்விகளைப் பாதிரியார் மறுபடியும் கட்டிப்போட்டார். ஒரு பெண்ணின் உடலை வைத்து அதைச் செய்தார் என்பதைத் தோழிகள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து அரசாங்கம் நுழைந்தது. கூடி நின்று பேசுகிறவர்களைப் பிடித்துச் சிறையில் போடும்படி கவர்னர் தரப்பிலிருந்து உத்தரவு வந்தது. அதன் பிறகு பேச்சு இல்லை, முணுமுணுப்புதான். எதிர்த்தவர்கள் மனம் மாறவில்லை, வாயைத்தான் மூடினார்கள். வாயை மூடினவன் வாய்ப்புக்குக் காத்திருப்பான்.

மூன்று ஆண்டு கழித்து 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகை நேரத்தில், சம்பா கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயிலைத் துய்ப்ளே ஆட்சி இடித்தது. அதையும் பிள்ளை வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். இரண்டு இடிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு சுவர் உள்ளே இருந்தவர்கள் நியாயம் கேட்டு விழுந்தது. ஒரு கோயில் ஆயுதம் வைத்திருந்தவர்கள் முடிவு செய்து விழுந்தது. முதலாவதைப் பற்றி இன்று வெட்கப்பட வேண்டியவர்கள் சுவரைக் கட்டியவர்கள் மட்டுமே. இரண்டாவது இன்னமும் வெறுப்பு வளர்ப்பவர்களுக்குத் தீனியாகப் பயன்படுகிறது. மதத்தைப் பற்றிய கருத்து வேறுபாட்டை அதிகாரத்தால் முடித்துவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

சுவரும் எளிதில் சாகவில்லை. தமிழ்நாட்டுத் தேவாலயங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் அது வேறு வேறு உருவில் வந்துகொண்டே இருந்தது. புதுச்சேரி கடலூர் உயர்மறைமாவட்டத்துக்குள் இருக்கும் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அங்கே அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். 1745இல் ஒன்றாக நிற்கக் கேட்டவர்களின் வழிவந்தவர்கள் 2008இல் தனியாக விடுங்கள் என்று கேட்கும் நிலைக்கு ஏன் வந்தார்கள் என்பதை, மதச் சமத்துவம் பேசும் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும்.

பேச முடியாமல் செய்யும் சட்டம்

நம் தெருக்களில் மதத்தைப் பற்றித் தெளிவாகப் பேச முடியாததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அது மனசு சார்ந்தது இல்லை, சட்டம் சார்ந்தது.

பிரெஞ்சு ஆட்சி 1819 ஜனவரி 6 ஆணையின் மூலம் இந்தியர்களை அவரவர் சாதி வழக்கப்படியே நீதிமன்றம் நடத்தும் என்று உறுதி கொடுத்தது. சாதிக்குச் சட்டத்தின் முத்திரை அது. 1881 செப்டம்பர் 21 ஆணை ஒரு கதவைத் திறந்தது. விரும்புகிறவர் தன் சாதி, மத வழிச் சட்டநிலையைத் துறந்து, குடும்பப்பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். இவர்களைத்தான் 'ரெனோன்சான்' என்றார்கள். வந்தவர்களில் கிறிஸ்தவர்களும் தலித்துகளும் கணிசம். சாதி இந்துத் தலைமை இதைக் கடுமையாக எதிர்த்தது. குறைகள் பல இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். துறக்கச் சொன்னது சட்டநிலையைத்தான், சாமியை இல்லை. மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டே ஒருவர் ரெனோன்சான் ஆகலாம்.

சுதந்திர இந்தியா அவிழ்ந்த முடிச்சை மறுபடி போட்டது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களுக்கு மட்டுமே அந்த நிலையைத் தந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். புதுச்சேரிக்கு 1964இல் தனி ஆணை வந்தது, அதிலும் மத நிபந்தனை உண்டு. தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று காட்டப்படவில்லை என்று 1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தக் கேள்வியை ஆராய 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. 2024 நவம்பரில், புதுச்சேரியிலிருந்து சென்ற ஒரு வழக்கில், நம்பிக்கை இல்லாமல் இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இப்போது நம் கூட்டத்துக்கு வாருங்கள். ஒரு தங்கையிடம் "நீ கிறிஸ்டியனா, இந்துவா, நேரா சொல்லு" என்று எல்லார் முன்னும் கேட்கிறோம். அவள் வாயில் வரும் சொல்லில் அவளுடைய சான்றிதழ், படிப்பு, தம்பியின் வேலை எல்லாம் தொங்குகிறது. அவள் மழுப்பினால் அது கோழைத்தனம் ஆகாது. மனசுக்குள் இருப்பதைச் சொன்னால் வயிற்றில் அடிக்கும் சட்டத்தை வைத்துக்கொண்டு, மறைத்து வாழ்கிறாய் என்று அவளைக் குற்றம் சொல்வது அநியாயம். தெளிவாகப் பேசு என்று கேட்பதற்கு முன்னால், தெளிவாகப் பேசினால் ஆபத்தில்லாத இடத்தை நாம் உண்டாக்கியிருக்க வேண்டும்.

ஒரே குடும்பத்தில் இரண்டு வழி

நமக்குள் கருத்து வேறுபாடு புதிது இல்லை. அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் மைத்துனர்கள். அயோத்திதாசர் 1898இல் கர்னல் ஆல்காட்டோடு கொழும்புக்குப் போய்ப் பௌத்தம் ஏற்றார். 1907இல் தொடங்கிய தம் இதழில் நாம் பூர்வ பௌத்தர்கள் என்று வாரந்தோறும் எழுதினார், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். சீனிவாசன் அந்த வழியில் போகவில்லை. அயோத்திதாசர் மறுத்த 'பறையன்' என்ற பெயரையே 1893இல் தம் இதழின் தலைப்பாக வைத்துத் தலைநிமிர்ந்தார். 1930இல் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர், 1935இல் இயோலாவில் அம்பேத்கர் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தபோது மதமாற்றத்தை ஏற்கவில்லை. நாம் வருணத்துக்கு வெளியே இருப்பவர்கள், இந்து மதத்துக்குள்ளேயே இல்லாதவர்கள் அதை விட்டு எங்கே போவது என்பது அவருடைய வாதம்.

பெயரில் வேறுபாடு, மதத்தில் வேறுபாடு, வழியில் வேறுபாடு. ஆனாலும் தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் அவர்கள் யாரும் பின்வாங்கவில்லை. இன்று இருவரையும் நாம் ஒரே மேடையில் படமாக வைக்கிறோம். படமாக வைக்கும் நாம் அவர்கள் வேறுபட்டதையும் படிக்க வேண்டும்.

எதிராளியோடு வாதாடும் முறைக்கு அம்பேத்கரையே பார்க்கலாம். 1936இல் 'சாதி ஒழிப்பு' வெளிவந்ததும் காந்தி தம் 'ஹரிஜன்' இதழில் அதை மறுத்து எழுதினார். 1937இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அம்பேத்கர் காந்தியின் அந்த மறுப்பையும் தம் நூலிலேயே சேர்த்து அச்சிட்டு, அதற்குப் பிறகு தம் பதிலை வைத்தார். எதிர்த்தரப்பை அதன் சொற்களிலேயே வாசகர் படிக்கட்டும், படித்துவிட்டு முடிவு செய்யட்டும் என்ற துணிவு அது. தன் வாதத்தில் நம்பிக்கை உள்ளவர் எதிர்வாதத்தை வெட்டிச் சுருக்க வேண்டியதில்லை. அவர் பதில் மென்மையாகவும் இல்லை. தெளிவு வேறு, மென்மை வேறு. இயோலாவில் அறிவித்ததை நாக்பூரில் செய்துமுடிக்க, 1956 அக்டோபர் 14 வரை, அவர் 21 ஆண்டு எடுத்துக்கொண்டார். அத்தனை ஆண்டும் படித்தார், கேட்டார், விவாதித்தார். நாமோ ஒரு மாலைக் கூட்டத்தில் ஒருவர் நம்பிக்கையை மாற்றிவிடத் துடிக்கிறோம்.

நம் கூட்டங்களுக்கு

இந்த வரலாற்றிலிருந்து நாங்கள் எங்கள் படிப்பு வட்டங்களில் கடைப்பிடிக்கப் பார்ப்பதைச் சொல்கிறோம். எல்லா இடத்திலும் வெற்றி என்று சொல்ல மாட்டோம். கூட்டம் கலைவது குறைந்திருக்கிறது.

வாதம் தொடங்கும் முன் இது எந்தக் கேள்வி என்று கேட்டுக்கொள்கிறோம். கடவுள் உண்டா, மறுபிறவி உண்டா, ஜெபத்தால் நோய் தீருமா என்பவை நம்பிக்கைக் கேள்விகள். அவற்றில் நாம் வேறுபட்டே இருக்கலாம், ஆண்டுக்கணக்கில் பேசலாம். யார் கோயிலுக்குள் போகலாம், தேர் எந்தத் தெருவுக்கு வரும், யாரை எங்கே புதைப்பது, பூசை வைக்கும் உரிமை யாருக்கு என்பவை நடத்தைக் கேள்விகள். அவற்றில் "அது அவங்க நம்பிக்கை" என்ற பதிலை நாம் ஏற்க முடியாது. அங்கே 1745இல் கேட்டதைத்தான் கேட்க வேண்டும்: காரணம் சொல்லுங்கள்.

மறுப்பதற்கு முன், அவர் சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்கிறோம். "அக்கா, நீங்க சொல்றது இதுதானே?" என்று கேட்டு, அவர் ஆமாம் என்ற பிறகுதான் அடுத்த வாக்கியம். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடுகிறது, ஏனென்றால் பாதிச் சண்டை அவர் சொல்லாததோடு நடப்பது.

யாரிடமும் அவர் மதம் என்ன என்று பொதுவில் கேட்பதில்லை. பேச விரும்புகிறவர் பேசட்டும். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் அறையில் இருக்க வேண்டும், முதலில் அவர் பேச வேண்டும். பெந்தெகொஸ்தே அம்மா இல்லாத இடத்தில் அவர் ஜெபத்தைக் கேலி செய்வது, தூர்னோன் படுக்கையில் இருந்து எழுதிய ஆணையைப் போன்றது. குடிகாரக் கணவனிடம் அடிவாங்கிய ஒருவருக்கு அந்த ஜெபக்கூட்டம் என்ன கொடுத்தது என்பதை அவர் வாயால் கேட்காதவரை, அது வெறும் மூடநம்பிக்கை என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. கேட்ட பிறகு கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும்: உங்கள் சபையில் எல்லாச் சாதியிலும் பெண் கொடுக்கிறார்களா, எடுக்கிறார்களா?

அதே கேள்வியை மாரியம்மன் கோயில் தர்மகர்த்தாவிடமும், பௌத்தம் பேசும் தோழரிடமும், கறுப்புச் சட்டைத் தம்பியிடமும் கேட்கலாம். நம்பிக்கை எதுவானாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அன்று சம்பா கோயிலுக்குப் போனவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. பிள்ளையின் நாட்குறிப்பில் உயர்சாதியாருக்குப் பெயர் இருக்கிறது, இவர்களுக்குச் சாதி மட்டும்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி கிடைத்திருக்கிறது. அடுத்த முறை கூட்டத்தில் மதம் வந்து பேச்சு முறியப் போகும்போது, யார் பக்கம் என்று பார்க்காமல் அந்தக் கேள்வியை எடுத்து நடுவில் வையுங்கள்.